மைனர் லீக் பேஸ்பால்: யார் மேலே போவார், எப்போது போவார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜர் லீக் பேஸ்பாலைக் கொஞ்ச காலம் பார்த்தவர்கள் அடுத்ததாக ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். தங்கள் அணியின் கிளை அணிகளில் எந்தப் பையன் வளர்ந்து வருகிறான், அடுத்த ஏப்ரலில் அவனை எங்கே ஆட வைப்பார்கள் என்று தேடத் தொடங்குவார்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஆள் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பது ஒன்று. அவரை எங்கே அனுப்புவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதுக்கு மைதானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் அணியின் ஆள் பட்டியலையும் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி ரசிகர்கள் வருஷம் முழுக்கக் கோபத்தில் இருக்கிறார்கள்.

மைனர் லீக் என்பது தனி லீக்கா, அல்லது பெரிய அணிகளின் பயிற்சிக் கூடமா?

இரண்டாவதுதான். மேஜர் லீக்கில் 30 அணிகள். 2021இல் செய்த மறுசீரமைப்புக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் நான்கு கிளை அணிகள், ஆக மொத்தம் 120. கீழிருந்து மேலே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிப்பிள்-ஏ. இவற்றுக்கும் கீழே ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் காம்ப்ளக்ஸ் லீக் என்று பயிற்சி மைதானங்களிலேயே நடக்கும் ஆட்டங்கள், டொமினிகன் குடியரசில் ஒரு கோடைக்கால லீக்.

உள்ளூர் கிளை அணியின் முதலாளி டிக்கெட் விற்பார், மைதானத்தைப் பார்த்துக்கொள்வார். ஆட்டக்காரரின் சம்பளம், பயிற்சியாளர், யார் எந்த இடத்தில் நிற்பது, எத்தனை பந்து வீசுவது எல்லாம் தாய் அணியின் முடிவு. ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடு அணி ஜெயிப்பதற்காகத்தான் ஆடுகிறது. இங்கே வெற்றி தோல்வி இரண்டாம் பட்சம். பிளே-ஆஃபுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அணியின் சிறந்த பிட்சரை (பந்து வீசுபவரை) மேலே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஒரு பிராஸ்பெக்டின் (வளர்ந்துவரும் இளம் ஆட்டக்காரரின்) புள்ளிவிவரத்தைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

வயதை. வேறு எதையும் பார்ப்பதற்கு முன் வயதையும், அவர் ஆடும் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கற்பனையாக இரண்டு ஷார்ட்ஸ்டாப்களை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்களை) எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 23 வயது, கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர், சிங்கிள்-ஏவில் .310 அடிக்கிறார் (பேட்டிங் சராசரி; பத்து முறை மட்டை பிடித்தால் சுமார் மூன்று ஹிட்). இன்னொருவருக்கு 19 வயது, ஹை-ஏவில் .255 அடிக்கிறார். எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் கெட்டிக்காரர். ஆனால் எந்த அணி நிர்வாகியும் இரண்டாவது பையனைத்தான் கேட்பார். அவர் தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த பிட்சர்களை எதிர்கொண்டு மூழ்காமல் நிற்கிறார். முதலாமவரோ பெரும்பாலும் தன்னைவிட வயது குறைந்த பையன்களின் பந்தை அடிக்கிறார்.

ஏறத்தாழச் சொன்னால் சிங்கிள்-ஏவில் சராசரி வயது 21-22, ஹை-ஏவில் 22-23, டபுள்-ஏவில் 24ஐ ஒட்டி, டிரிப்பிள்-ஏவில் 26க்கு மேல். டிரிப்பிள்-ஏவில் வயது கூடுவதற்குக் காரணம், மேலே போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பேட்டிங் சராசரிக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, கடைசியில். அதற்கு முன் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) எத்தனை சதவீதம், வாக் (நான்கு தவறான பந்துக்குப் பின் முதல் பேஸுக்குச் சும்மா போவது) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இந்த இரண்டும் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் மட்டும் நடப்பவை. ஃபீல்டர் எங்கே நின்றார், தரை எப்படி இருந்தது என்ற அதிர்ஷ்டக் கணக்கு இதில் குறைவு. அதனால் கொஞ்சம் ஆட்டங்களிலேயே இவை நிலைப்படுகின்றன. பேட்டிங் சராசரி ஒரு மாதத்தில் .220இலிருந்து .320க்குப் போகும், அப்புறம் திரும்பி வரும்.

மைதானத்தையும் கவனிக்க வேண்டும். பசிபிக் கோஸ்ட் லீக்கில் அல்புகெர்க்கி, ரீனோ, லாஸ் வேகஸ் போன்ற ஊர்களில் காற்று மெலிது, பந்து பறக்கும். அல்புகெர்க்கி கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே 25 ஹோம் ரன் அடித்தவரை வேறு ஊரில் 25 அடித்தவரோடு ஒப்பிடக் கூடாது. அதே மைதானத்தில் ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி 5ஐத் தாண்டினால் உடனே கைவிட்டுவிடவும் கூடாது.

டிரிப்பிள்-ஏ ஆட்டங்களில் இப்போது ஸ்டாட்காஸ்ட் (கேமராவால் பந்தை அளக்கும் கருவி) அளவுகள் பொதுவில் கிடைக்கின்றன. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தை அதில் பாருங்கள். மணிக்கு 95 மைலுக்கு மேல் என்றால் பலமான அடி என்று கணக்கு. இருபது வயதுப் பையன் 110 மைலைத் தொட்டிருந்தால், அவர் இந்த வருஷம் ஐந்தே ஹோம் ரன் அடித்திருந்தாலும் ஸ்கவுட்கள் (திறமை தேடி அலைபவர்கள்) அவரை விட மாட்டார்கள். பலம் இருக்கிறது; பந்தைத் தூக்கி அடிப்பதைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். சொல்லிக்கொடுத்து வராதவர்களும் நிறையப் பேர் உண்டு.

20-80 என்று ஒரு மதிப்பெண் சொல்கிறார்களே, அது ஏன் 0-100 இல்லை?

50 என்பது மேஜர் லீக் சராசரி. மேலேயும் கீழேயும் ஒவ்வொரு 10ம் புள்ளியியலில் ஒரு திட்ட விலக்கம். மூன்று விலக்கம் மேலே போனால் 80, கீழே போனால் 20. அதற்கு அப்பால் மனிதர்கள் கிட்டத்தட்ட இல்லை, அதனால் அளவுகோலும் அங்கே முடிந்துவிடுகிறது.

பேட்டர்களுக்கு ஐந்து திறமைகளில் மதிப்பெண்: பந்தைத் தொடுவது, பலம், ஓட்டம், எறிவு, ஃபீல்டிங். சிலவற்றை ஸ்டாப்வாட்சிலேயே அளந்துவிடலாம். வலது கை பேட்டர் அடித்த இடத்திலிருந்து முதல் பேஸைத் தொட 4.3 விநாடி எடுத்தால் சராசரி, அதாவது 50. இடது கைக்காரர் ஓரடி இரண்டடி பக்கத்தில் நிற்பதால் அவருக்கு 4.2. கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் இருப்பவர்) பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க 2.0 விநாடி எடுத்தால் சராசரி. ஆரோன் ஜட்ஜின் பலம் 80. அதைப் பார்த்தபின் 80 என்றால் என்ன என்று விளக்கம் வேண்டியதில்லை.

பட்டியல்களில் ஒருவரைப் பற்றி "45, 60" என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது இன்றைய நிலை, இரண்டாவது வளர்ந்தபின் எதிர்பார்க்கும் நிலை. இரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்த 15தான் ஆபத்து. அதைக் கவனிக்காமல் 60ஐ மட்டும் படித்துவிட்டுக் கனவு காண்பது நம் எல்லோருக்கும் வழக்கம்.

பிட்சர்களை மதிப்பிடுவது வேறு மாதிரியா?

வேறு மாதிரிதான். மேஜர் லீக்கில் இன்று சராசரி ஃபாஸ்ட்பால் மணிக்கு 94 மைல், அதாவது 151 கிலோமீட்டரை ஒட்டி. வேகம் மட்டும் போதாது. இரண்டாவது, மூன்றாவது பந்து வகை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்ட்பாலும், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கடைசி ஒரு இன்னிங்ஸ் வீசும் ரிலீவர் ஆகிவிடுவார். ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் வீச வேண்டும் என்றால் எதிர்ப்பக்கக் கை பேட்டருக்கென்று சேஞ்ச்-அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) மாதிரி ஏதாவது வேண்டும்.

அப்புறம் முழங்கை. டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தால் 12 முதல் 18 மாதம் போய்விடும். இதனால்தான் 19 வயது பிட்சரைப் பற்றி யாராவது உறுதியாகப் பேசினால் நான் பாதிதான் கேட்டுக்கொள்வேன். மறுபக்கம், பிட்சர்கள் திடீரென்று மேலே வருவதும் அதிகம். பின்னாளில் நட்சத்திரப் பிட்சரான ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர். 2010 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஒன்பதாவது சுற்றில் எடுத்தார்கள்.

டபுள்-ஏதான் உண்மையான சோதனை என்று ஏன் சொல்கிறார்கள்?

கீழ்ப்படிகளில் வெறும் வேகத்தை அடித்தே சமாளித்துவிடலாம். டபுள்-ஏவில் பிட்சர்கள், தவறான பந்துகள் அதிகமாகிப் பின்தங்கிய நிலையிலும் வளைவுப் பந்தை ஸ்ட்ரைக்காக வீசுவார்கள். உங்கள் பலவீனம் என்ன என்று எழுதி வைத்துக்கொண்டு மறுநாளும் அங்கேயே வீசுவார்கள். ஒரு தொடர் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், ஒரே எதிரணி. ஒளிந்துகொள்ள இடமில்லை.

அங்கே நன்றாக ஆடினால் டிரிப்பிள்-ஏவைத் தாண்டியே போகலாம். 2022 மே மாதம் மைக்கேல் ஹாரிஸை அட்லாண்டா பிரேவ்ஸ் டபுள்-ஏ மிஸிஸிப்பியிலிருந்து நேராக அழைத்தது. அந்த வருஷமே நேஷனல் லீக்கின் சிறந்த அறிமுக வீரர் விருது அவருக்கு. சான் டியேகோவின் ஜாக்சன் மெரில் 2023ஐ டபுள்-ஏவில் முடித்தார். ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்தவரை 2024 வசந்தத்தில் சென்டர் ஃபீல்டில் நிறுத்தி, சியோலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இறக்கினார்கள். காரணம் எளிது. சான் டியேகோவில் ஷார்ட்ஸ்டாப் இடம் காலியில்லை, சென்டர் ஃபீல்ட் காலி.

சரி, அடுத்த ஏப்ரலில் ஒருவரை எந்தப் படிக்கு அனுப்புவார்கள் என்று எப்படிக் கணிப்பது?

போன வருஷத்தை எந்தப் படியில் முடித்தார், அங்கே எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதிலிருந்து தொடங்குங்கள். கடைசி மூன்று வாரம் மட்டும் டபுள்-ஏவில் ஆடியிருந்தால் பெரும்பாலும் மறுபடி டபுள்-ஏவிலேயே தொடங்குவார். பாதி சீசனுக்கு மேல் ஒரு படியில் நன்றாக ஆடியிருந்தால் மேலே போகலாம். சுமாராக ஆடியிருந்தாலும் வயது ஏறிவிட்டால் மேலே தள்ளுவார்கள், ஏனென்றால் கீழிருந்து இன்னொருவர் அந்த இடத்துக்கு வருகிறார்.

அடுத்து, எங்கிருந்து வந்தார்? டிராஃப்ட் இப்போது ஜூலையில், 20 சுற்று. கல்லூரி பேட்டர் ஒருவரை முதல் சுற்றில் எடுத்தால் அந்தக் கோடையிலேயே சிங்கிள்-ஏ அல்லது ஹை-ஏவில் கொஞ்ச ஆட்டம், மறு வருஷம் ஹை-ஏவில் தொடக்கம். பள்ளியிலிருந்து வந்தவர் காம்ப்ளக்ஸ் லீக், அப்புறம் சிங்கிள்-ஏ. வெனிசுவேலாவிலும் டொமினிகன் குடியரசிலும் 16 வயதில் ஒப்பந்தம் செய்தவர் முதல் வருஷம் டொமினிகன் லீக்கில்தான்.

பலரும் விட்டுவிடுவது பக்கத்தில் நிற்பவரை. ஒரே படியில் இரண்டு ஷார்ட்ஸ்டாப்கள் இருந்தால் அணி யார்மேல் அதிக நம்பிக்கை வைத்திருக்கிறதோ அவருக்குத்தான் அந்த இடம். மற்றவர் இரண்டாம் பேஸுக்கு நகர்வார், அல்லது ஒரு படி மேலேயோ கீழேயோ போவார். ஆகவே ஒரே ஒரு ஆளை எடுத்துக் கணிக்காதீர்கள். ஒரு காகிதத்தில் நான்கு படிகளையும் எழுதி, ஒவ்வொன்றிலும் கேட்சர் இருவர், ஷார்ட்ஸ்டாப் ஒருவர், தொடக்கப் பிட்சர் ஐந்தாறு பேர் என்று நிரப்பிப் பாருங்கள். நிரப்பும்போதே பாதி விடை தெரிந்துவிடும். கூடவே, சீசனின்போது ஓர் அமைப்பு உள்நாட்டில் 165 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். முன்பு இது 180ஆக இருந்தது. இடம் குறைந்ததால் 24 வயதில் ஹை-ஏவில் தேங்கியவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

கேட்சர்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். மட்டை தயாராகிவிட்டாலும், பிட்சர்களை நடத்தக் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும்.

சீசன் நடுவில் எப்போது மேலே அனுப்புவார்கள்?

ஜூன் நடுவில் ஓர் அலை. டிராஃப்ட் முடிந்து புதியவர்கள் வரும் ஜூலை இறுதியில் அடுத்தது. அதே சமயம் மேஜர் லீக் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடுவும் முடிவதால் மேலே இடங்கள் காலியாகும். செப்டம்பரில் மேஜர் லீக் அணி 26 பேரிலிருந்து 28 ஆகும், அப்போது இரண்டு பேருக்கு வழி. மற்றபடி யாருக்காவது தொடைத் தசை பிடித்துக்கொண்டால்தான்.

ரூல் 5 டிராஃப்ட் என்பது என்ன? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பின்போ ஒப்பந்தமானவரை நான்கு சீசனுக்குள்ளும் அணி தன் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆடும் 26 பேரும், அழைப்புக்குக் காத்திருப்பவர்களும்) சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு அணி 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம். எடுத்த அணி அவரை அடுத்த வருஷம் முழுக்க மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்குப் பாதி விலைக்குத் திருப்பித் தர வேண்டும்.

1954இல் டாட்ஜர்ஸின் மான்ட்ரியல் கிளையில் இருந்த ராபர்ட்டோ கிளமென்ட்டேயை இப்படிப்பட்ட டிராஃப்டில்தான் பிட்ஸ்பர்க் எடுத்தது. 3,000 ஹிட் அடித்து ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்.

கணிப்புக்கு இது எப்படி உதவும்? நவம்பரில் பட்டியல் மூடுகிறது. அந்த வருஷம் யார் யாருக்குக் கெடு வருகிறது என்று பாருங்கள். கெடு வருபவரை ஆகஸ்டில் ஒரு படி மேலே அனுப்பிச் சோதிப்பார்கள், அல்லது அக்டோபரில் அரிசோனா ஃபால் லீக்குக்கு அனுப்புவார்கள். 40 பேர் பட்டியலுக்குள் வந்தபின் மூன்று சீசன்களில் அவரைக் கீழே அனுப்ப அணிக்கு ஆப்ஷன் உண்டு, ஒரு சீசனில் ஐந்து முறை வரை. ஆப்ஷன் தீர்ந்தவர் சுமாராக ஆடினாலும் ஏப்ரலில் மேஜர் லீக் அணியில் இருப்பார். கீழே அனுப்பப் பார்த்தால் வேறு அணி தூக்கிக்கொண்டு போகும் அபாயம் உண்டு.

நன்றாக ஆடுபவரை வேண்டுமென்றே கீழே நிறுத்தி வைப்பார்களா?

வைத்திருக்கிறார்கள். மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷச் சேவை. ஆறு வருஷம் முடிந்தால் ஆட்டக்காரர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போகலாம். 2014இல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்த கிறிஸ் பிரையன்ட், 2015 வசந்தப் பயிற்சியில் இன்னும் 9 அடித்தார். சிகாகோ கப்ஸ் அவரை டிரிப்பிள்-ஏவுக்கு அனுப்பி ஏப்ரல் 17 அன்றுதான் அழைத்தது. வருஷ முடிவில் அவர் கணக்கு 171 நாள். ஒரு நாள் குறைவு, அணிக்கு ஒரு வருஷம் கூடுதல். அவர் முறையிட்டும் 2020இல் தோற்றார்.

2022இல் லீக்கும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இதற்கு மருந்து போட்டார்கள். சிறந்த அறிமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருபவருக்கு முழு வருஷச் சேவை கிடைத்துவிடும். 2024 மே 11இல்தான் அறிமுகமான பால் ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் கிடைத்தது. முன்னணிப் பட்டியல்களில் இருப்பவரைச் சீசன் தொடக்கத்திலிருந்தே ஆட வைத்து அவர் விருது வாங்கினால் அணிக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் இடமும் உண்டு. ஹூலியோ ரொட்ரிகஸ் 2022இல் சியாட்டிலுக்கு அதை வாங்கித் தந்தார். நோய் முழுதும் குணமாகவில்லை என்பது என் எண்ணம், ஆனால் முதல் 100 பட்டியலில் இருப்பவரை ஏப்ரலிலேயே இறக்குவது முன்பைவிட அதிகமாகிவிட்டது. அறிமுகத்துக்கு முன்பே நீண்ட ஒப்பந்தம் போட்டால் சந்தேகமே வேண்டாம்: மில்வாக்கி 2023 டிசம்பரில் ஜாக்சன் சூரியோவுக்கு 8 வருஷத்துக்கு 8.2 கோடி டாலர் தந்தது, அடுத்த சீசனின் முதல் நாளே அவர் களத்தில்.

எல்லாம் சரியாக இருந்தும் மேலே போய்த் திணறுவது ஏன்?

ஜாக்சன் ஹாலிடேயைப் பாருங்கள். 2022 டிராஃப்டில் பால்டிமோர் எடுத்த முதல் ஆள். 2023இல் ஒரே சீசனில் டெல்மார்வா, அபர்தீன், போவி, நார்ஃபோக் என்று நான்கு படியும் ஏறினார். 125 ஆட்டத்தில் .323 சராசரி, நூறைத் தாண்டிய வாக். வயது 19. இதைவிட அழகான புள்ளிவிவரம் கிடைக்காது.

2024 ஏப்ரல் 10இல் அழைத்தார்கள். 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். ஏப்ரல் 26இல் திரும்ப நார்ஃபோக். ஜூலை 31இல் மறுபடி வந்து, அன்றே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன்) அடித்தார்.

எங்கே தவறு? நான்கு படி ஏறினார் என்பது உண்மை. ஆனால் 2023இல் டிரிப்பிள்-ஏவில் அவர் ஆடியது 18 ஆட்டம் மட்டுமே. கீழே பிட்சர்கள் அடிக்கடி ஸ்ட்ரைக் மண்டலத்தைத் தவறவிடுவார்கள், பொறுமையானவருக்கு வாக் கொட்டும். மேஜர் லீக்கில் உயரமான ஃபாஸ்ட்பாலைத் துல்லியமாக அங்கேயே வைத்து, பொறுமையாக நிற்பவரை இரண்டு ஸ்ட்ரைக்கில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். இதைக் கீழே கற்றுக்கொள்ள வழியே இல்லை. அதனால் முதல் இரண்டு வாரத்தை வைத்து "பையன் தேறமாட்டான்" என்று முடிவு கட்டுபவர்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. திரும்ப அனுப்புவதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

முதல் 100 பிராஸ்பெக்ட் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்?

முதல் பத்து இருபது பேர்வரை நன்றாகவே நம்பலாம். அதற்குக் கீழே 60ஆவது ஆளுக்கும் 110ஆவது ஆளுக்கும் வித்தியாசம் எழுதியவரின் ரசனைதான். டிராஃப்டில் முதலாவதாக எடுத்தவர்களிலேயே 1991இன் பிரையன் டெய்லரும் 2014இன் பிரேடி ஏக்கனும் மேஜர் லீக்கைப் பார்க்கவே இல்லை. 2013இன் மார்க் அப்பெல் 2022இல்தான் பார்த்தார். மறுபக்கம், பெரிய நட்சத்திரங்களானவர்களைப் பாருங்கள்: ஆல்பர்ட் பூஹோல்ஸ் 13ஆவது சுற்று. மைக் பியாசா 62ஆவது சுற்று. இப்போது அத்தனை சுற்றே கிடையாது. ஹோசே ஆல்டுவே 15,000 டாலருக்கு ஒப்பந்தமானவர்.

மைனர் லீக்கில் சம்பளம் எவ்வளவு?

2023இல் மைனர் லீக் வீரர்களுக்காகச் சங்கம் செய்த முதல் ஒப்பந்தத்தில் சிங்கிள்-ஏவுக்கு வருஷம் 26,200 டாலர், டிரிப்பிள்-ஏவுக்கு 35,800 என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் இதில் பாதிகூட இல்லை.

இந்தியாவிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா?

ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து ஜெயித்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008இல் பிட்ஸ்பர்க் ஒப்பந்தம் செய்தது. இருவரும் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்தவர்கள். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், பிறகு மல்யுத்தத்துக்குப் போனார். இந்திய வம்சாவளி என்று பார்த்தால் குமார் ராக்கர்: தாய் இந்திய வம்சாவளி. 2023இல் டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டு, 2024 செப்டம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்காக அறிமுகமானார்.

இந்தியாவில் இருந்துகொண்டு தினமும் பின்தொடர முடியுமா?

முடியும். சீசன் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ தொடங்கிச் செப்டம்பர்வரை போகும். டிரிப்பிள்-ஏவுக்கு 150 ஆட்டம், டபுள்-ஏவுக்கு 138. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி ஆட்டம் நமக்கு அதிகாலை 4:30. எழுந்து பார்க்கத் தேவையில்லை, காலைக் காபியோடு ஸ்கோர்கார்டைத் திறந்தால் போதும். முதலில் ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும், அப்புறம் எந்த இடத்தில் ஃபீல்டிங் செய்தார் என்று. ஷார்ட்ஸ்டாப் திடீரென்று இரண்டு நாள் லெஃப்ட் ஃபீல்டில் நின்றிருந்தால், மேலே யாருடைய இடம் காலியாகப் போகிறது என்று பார்க்கத் தொடங்குங்கள். அங்கே திங்கள்கிழமை பெரும்பாலும் ஓய்வு, ஆகவே நமக்குச் செவ்வாய் காலை பார்க்க ஒன்றும் இருக்காது.